கட்டம் மாறேல்லை, பிறகு என்ன மாறினது? ஸ்டான்லி விட்னியும் ஜாஸும் பற்றின கேள்விக்கு ஒரு நீளமான பதில்

கேள்வியை முதல்ல நான் விளங்கினபடி திருப்பிச் சொல்லுறன், பிழையெண்டா சொல்லுங்கோ. ஸ்டான்லி விட்னி எண்ட அமெரிக்க ஓவியரின்ர படங்களை நெட்டில பாத்திருக்கிறீங்கள். எல்லாம் சதுரமான கான்வஸ், அதுக்குள்ள வரிசை வரிசையாக் கலர்க் கட்டங்கள், வரிசைக்கு வரிசை நடுவில ஒரு பட்டி, இருபது வருஷத்துக்கு மேலா இதேதான். ஆனா அவரைப் பற்றி எழுதிற ஆக்கள் எல்லாரும் பாணி எப்பிடி வளந்தது எண்டும் ஜாஸ் எண்ட கறுப்பின அமெரிக்கரின்ர இசையில எவ்வளவு பிரியம் எண்டும் எழுதினம். இதில வளர்ச்சி எங்க கிடக்கு, ஜாஸ் எண்டுறது படம் விக்கிறதுக்குச் சொல்லுற கதையோ, கிளிநொச்சியில இருந்து படம் கீறிற நான் ஜாஸ் போட்டுக் கேட்டுக்கொண்டு கீறினா என்ர ஸ்டைலும் மாறுமோ எண்டு கேட்டிருக்கிறீங்கள். மூண்டு கேள்வி மாதிரித் தெரிஞ்சாலும் அடியில ஒண்டுதான் எண்டு எனக்குப் படுது: வெளித்தோற்றம் அப்பிடியே இருக்க ஒரு ஓவியர் மாறலாமோ, மாறினா அந்த மாற்றத்தை எந்த இடத்தில பாக்கிறது. அதுக்குப் பதில் சொல்லிக்கொண்டு போனா ஜாஸ் விஷயமும் தன்ர பாட்டில வந்து சேரும். (பேரைப் பாத்து தம்பியோ தங்கச்சியோ எண்டு விளங்கேல்லை, அதால நீங்கள் எண்டே எழுதிறன்.)

நான் முல்லைத்தீவுப் பக்கம் சித்திரம் படிப்பிக்கிற ஆள், ஓ.எல், ஏ.எல் பிள்ளையளோடதான் பொழுது போகுது. மருதனார்மடத்தில இராமநாதன் நுண்கலையில படிச்சனான், அங்க மேற்கத்தைய ஓவிய வரலாறு படிச்ச காலத்தில இருந்தே இந்த நிறத்தை மட்டும் நம்பிக் கீறிற ஆக்களில ஒரு பைத்தியம். ஜாஸ் வாசிக்கத் தெரியாது, கேக்க மட்டும்தான். இன்னொண்டையும் இப்பவே சொல்லிப்போடுறன், விட்னியின்ர ஒரு படத்துக்கு முன்னாலயும் நான் நேரில நிண்டதில்லை, புத்தகத்திலயும் திரையிலயும் பாத்ததுதான். அவற்ற பெரிய படங்கள் எட்டடிக்கு எட்டடி வரும், அதை உள்ளங்கைக்குள்ள வைச்சுப் பாத்திட்டு வெறும் கட்டம் எண்டு சொன்னா அதில பாதிப் பிழை போனின்ர. பெயின்ற் எந்தளவு மெல்லிசாக் கிடக்கு, பிரஷ் எந்தப் பக்கம் போயிருக்கு, எங்க வழிஞ்சிருக்கு, ஓரத்தில அடிநிறம் எட்டிப் பாக்குதோ, இதெல்லாம் சின்னத் திரையில செத்துப்போகும். அதால பெயின்ற் பூசின விதத்தைப் பற்றி நான் சொல்லுறதைக் கொஞ்சம் குறைச்சே எடுங்கோ, நிறங்களின்ர ஒழுங்கையும் காலவரிசையையும் பற்றிச் சொல்லுறதைத் தாராளமா நம்பலாம்.

சந்தேகமில்லாத பக்கத்தில இருந்து தொடங்குவம். விட்னி 1946 இல பிலடெல்பியாவில பிறந்த கறுப்பின அமெரிக்கர். கன்சாஸ் சிற்றியில கலைப் படிப்பை 1968 இல முடிச்சு அதே வருஷம் நியூயோர்க்குக்கு வெளிக்கிட்டவர், 1972 இல யேல் பல்கலைக்கழகத்தில முதுமாணி. படிக்கிற காலத்திலேயே பிலிப் கஸ்டன் எண்ட பெரிய ஓவியரைச் சந்திச்சு அவற்ற ஆதரவு கிடைச்சது. பிறகு பிலடெல்பியாவில ரைலர் கலைக்கல்லூரியில கனகாலம் வாத்தியார் வேலை, எங்கட சாதிதான். 70கள், 80களில அவர் செய்ததைப் பாத்தீங்கள் எண்டா இண்டைக்கு நெட்டில ஓடித்திரியிற விட்னியை அதில கண்டுபிடிக்கிறது கஷ்டம். கனக்க வெறும் வெளி, அதுக்குள்ள அங்கங்க மிதக்கிற கோடுகள், கிறுக்கல்கள், உருண்டையான நிறத் துண்டுகள், கொஞ்சம் தள்ளி நிண்டு பாத்தா ஏதோ நிலக்காட்சி எண்டு கூட நினைக்கலாம். அவருக்கு வேணுமெண்டது நிறம், ஆனா ஒவ்வொரு நிறத்தையும் சுத்திக் காத்து இருந்தது, ஒண்டையொண்டு தொடேல்லை, தொட விட்டா படம் மூச்சு முட்டிப்போகும் எண்ட பயம் ஒண்டு அந்தக் காலத்துப் படங்களில தெரியும். 80களின்ர நடுப்பகுதியில துண்டுகள் வரிசையா வந்து நிக்கத் தொடங்குது, ஆனா இன்னும் இடைவெளி விட்டுத்தான்.

திருப்பம் 1990களில, றோமில. அங்க சில வருஷம் இருந்து படிப்பிச்சுக்கொண்டு கீறினவர். றோமில பழைய கட்டிடங்களின்ர முகப்பு, கல்லுக்கு மேல கல்லு, யன்னலுக்கு மேல யன்னல், அருங்காட்சியகத்தில எத்ரூஸ்கர் எண்ட பழைய இத்தாலியச் சனத்தின்ர சாம்பல் பேழைகள் தட்டுத் தட்டா அடுக்கிக் கிடக்கிறது, பிறகு எகிப்துக்குப் போய்ப் பாத்த அந்தப் பெருங் கல்லுக் கட்டுமானங்கள், இதெல்லாம் சேந்து தனக்கு ஒரு விஷயத்தைத் தெளிவாக்கினது எண்டு அவரே பல இடத்தில சொல்லியிருக்கிறார்: நிறத்துக்கு வெளியில இடம் விடத் தேவையில்லை, அந்த வெளி நிறத்துக்குள்ளேயே இருக்கு, நெருக்கமா அடுக்கினாலும் படம் மூச்சு விடும். இதை வாசிக்கேக்க சின்ன விஷயம் மாதிரித்தான் இருக்கும், ஆனா ஐம்பதை எட்டிற வயசில ஒருத்தர் தான் இருபது வருஷத்துக்கு மேலா நம்பின ஒண்டைத் தூக்கிப் போடுறது எண்டுறது லேசான வேலை இல்லை, அதுவும் பெரிசாப் பேர் வராத காலத்தில. நியூயோர்க்கில, ஹார்லெம் ஸ்டூடியோ மியூசியத்தில அவற்ற தனிக் கண்காட்சி நடந்தது 2015 இல, அப்ப வயசு அறுபத்தெட்டு. முழு வாழ்க்கையையும் ஒரே இடத்தில வைச்சுக் காட்டின பெரிய கண்காட்சி பஃபலோ நகரத்து மியூசியத்தில 2024 இல.

ஆக, நீங்கள் பாத்தது கதையின்ர கடைசிப் பாதியை மட்டும். அந்தக் கடைசிப் பாதிக்குள்ளயும் மாற்றம் இருக்கு. 90களின்ர அடுக்குப் படங்களில துண்டுகள் சின்னன், எண்ணிக்கை கூட, மூலைகள் உருண்டை, உள்ளுக்குள்ள கிறுக்கல் கிடக்கும். 2000க்குப் பிறகு துண்டுகள் பெருக்குது, குறையுது, விளிம்பு நேராகப் பாக்குது (ஆனா நேராகாது, அடிமட்டம் வைக்காமல் கையால போறதால எப்பவும் ஒரு பக்கம் சரிஞ்சுதான் நிக்கும்). பட்டிகள் சில படத்தில நூல் மாதிரி, சில படத்தில நல்ல தடிப்பு. உங்களுக்கு நான் சொல்லுற சோதனை இதுதான், 1990களின்ர படம் ஒண்டையும் 2015க்குப் பிறகு வந்த படம் ஒண்டையும் பக்கத்தில பக்கத்தில திறந்து வைச்சு நிறத்தைப் பாக்காதேங்கோ, நிறமும் நிறமும் முட்டிற விளிம்பை மட்டும் பாருங்கோ. மாற்றம் முழுக்க அங்கதான் நடக்குது.

இப்ப அவர் படம் செய்யிற முறை, ஏன் எண்டா ஜாஸுக்குப் போற பாதை இதுக்குள்ளால. விட்னி மேல் இடது மூலையில தொடங்குவார். ஒரு நிறம் வைப்பார், அதுக்குப் பக்கத்தில என்ன வரவேணும் எண்டதை அந்த முதல் நிறம் தீர்மானிக்கும், அப்பிடியே வலப்பக்கம் போய், வரிசை முடிய ஒரு பட்டி, திருப்பி அடுத்த வரிசை, கீழ்வரைக்கும். முன்கூட்டி நிறத் திட்டம் போட்டு வைச்சுக்கொண்டு செய்யிறேல்லை. கேள்வியும் பதிலும் மாதிரி ஒரு நிறம் அடுத்ததைக் கூப்பிடுது எண்டது அவற்ற சொந்த விளக்கம், கறுப்பின அமெரிக்கரின்ர கோயில் பாட்டில, வயல் பாட்டில, புளூஸில, ஜாஸில எல்லாம் இருக்கிற அந்தக் கூப்பிட்டு மறுமொழி சொல்லுற முறையைத்தான் அதில சொல்லுறார். ஸ்டூடியோவில வேலை செய்யேக்க, ஜாஸ் ட்ரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸின்ர 'பிச்சஸ் புரூ' எண்ட ஒரே அல்பத்தை வருஷக்கணக்கில திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டவர் எண்டதும் அவர் மறைக்காமல் சொல்லுற விஷயம். 2024 கண்காட்சிக்கு வைச்ச பேரும் ஒரு பழைய ஜாஸ் பாட்டின்ர பேர், 'ஹவ் ஹை த மூன்'. அதால ஜாஸ் எண்டது ஆரோ விமர்சகர் ஒட்டிவிட்ட லேபல் இல்லை, அவற்ற வாழ்க்கையில உள்ள விஷயம்தான். இந்தளவும் உறுதி.

ஆனா ஒருத்தர் ஒரு பாட்டைக் கேக்கிறார் எண்டதும் அந்தப் பாட்டு படத்துக்குள்ள இருக்கு எண்டதும் வேற வேற. இங்கதான் கனபேர் கண்ணை மூடிக்கொண்டு எழுதினம், "நிறங்கள் ஆடுகின்றன, தாளம் கேட்கிறது" எண்டு. எனக்கு அந்த எழுத்தில பெரிய மரியாதை இல்லை. தாளம் எங்க, எது அடி, எது இடைவெளி எண்டு கேட்டா மறுமொழி வராது. மெய்யா ஒற்றுமை இருக்கிற இடம் தோற்றத்தில இல்லை, முடிவெடுக்கிற ஒழுங்கில. அந்தக் கண்காட்சிப் பேரையே எடுங்கோ. 'ஹவ் ஹை த மூன்' 1940 இல பிராட்வே மேடை நிகழ்ச்சி ஒண்டுக்காக எழுதின சாதாரண பாட்டு. ஜாஸ்காரர் அதை எடுத்து என்ன செய்தவை எண்டா, மெட்டைத் தூக்கி ஒரு பக்கம் வைச்சிட்டு அடியில கிடக்கிற எலும்புக்கூட்டை, கிற்றார்ப் பொடியள் கோட்ஸ் எண்டு சொல்லுற அந்த ஒழுங்கை மட்டும் வைச்சுக்கொண்டு, அதுக்கு மேல புதுசு புதுசா வாசிச்சவை. சக்ஸபோன் வாசிக்கிற ஜாஸ்காரர் சார்லி பாக்கர் 1946 இல பதிவு செய்த 'ஓர்னிதோலொஜி' அதே எலும்பில நிக்கிற வேற மெட்டு. அந்த ஒழுங்கு எத்தினை தரம் வந்தாலும் கேக்கிற ஆக்களுக்கு அலுக்காது, அவையள் கேக்கிறது இவன் இந்தமுறை அதுக்கு மேல என்ன செய்யப்போறான் எண்டதை.

உங்களுக்கு இது ஜாஸ் இல்லாமலே தெரிஞ்ச விஷயம். வற்றாப்பளையிலயோ புதூரிலயோ வேற எந்தக் கோயில் திருவிழாவிலயோ மேளச் சமா பாத்திருப்பீங்கள், ரெண்டு தவில்காரர் முன்னுக்கு வந்து தனி வாசிக்க வெளிக்கிட்டா சனம் சாமியையும் விட்டிட்டு அங்க வந்து குந்தும். தாளம் ஆதி தாளம், எட்டு எண்ணிக்கை, கையில போட்டுக்கொண்டிருக்கிற தாளத்தை ஒருத்தரும் மாத்தேல்லை. ஒருத்தர் ஒரு சுத்து வாசிப்பார், மற்றவர் அதைக் கேட்டு அதில இருந்து பிடிச்சு மறுமொழி குடுப்பார், குறைப்புக்கு வர நாலு ரெண்டாகி, ரெண்டு ஒண்டாகி, பாதியாகி, கடைசியா ரெண்டு பேரும் சேந்து கோர்வையில வந்து விழுவினம். ஜாஸிலயும் நாலு நாலு பார் (தாள அளவு) எண்டு பிரிச்சு மாறி மாறி வாசிக்கிற இதே வழக்கம் இருக்கு. யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி 1975 இல காலமானவர், இண்டைக்கும் அவற்ற பதிவுகளைப் போட்டுக் கேக்கிற பெரியவை எங்கட பக்கத்தில இருக்கினம், அவையளிட்ட போய் "ஆதி தாளம் அதேதானே, இதில என்ன வளர்ச்சி" எண்டு கேட்டுப் பாருங்கோ, அடி விழாமல் வந்தாச் சரி. விட்னியின்ர கட்டம் அந்தத் தாளம். மாறாமல் வைச்சிருக்கிறதே மற்றதெல்லாம் மாறுறது தெரியவேணும் எண்டுதான். சதுரம், வரிசை, பட்டி எண்டு எல்லாத்தையும் நிலையா வைச்சாப் பிறகு ஒரு சிவப்புக்குப் பக்கத்தில இன்னொரு சிவப்பு வந்தா அது பெரிய சம்பவம்.

ஒற்றுமை முடியிற இடத்தையும் சொல்லவேணும். தவில்காரர் வாசிச்ச அடி போனா போனதுதான், திருப்பி எடுக்கேலாது. ஓவியருக்கு அப்பிடி இல்லை, அதுவும் எண்ணெய் நிறம், காய நாளெடுக்கும், பிடிக்காட்டி வழிச்செடுக்கலாம், மேல பூசலாம், அடுத்த நாள் வந்து பாத்திட்டு மாத்தலாம். சபையில மறுமொழி குடுக்க இன்னொரு ஆள் இருக்கிறார், ஸ்டூடியோவில ஓவியர் தனிய, தனக்குத் தானே மறுமொழி. இன்னொண்டு, பாட்டை முதல்ல இருந்து கடைசி வரைக்கும் நேரத்தோட கேக்கவேணும், படத்தை ஒரே பார்வையில முழுசாப் பாத்திடுவம், மேல் இடது மூலையில தொடங்கினது எண்டது பாக்கிற ஆளுக்குச் சொல்லாட்டித் தெரியாது. அதால "விட்னி ஜாஸ் மனோதர்மத்தைக் கான்வஸில செய்யிறார்" (மனோதர்மம் எண்டா முன்கூட்டி எழுதி வைக்காமல் அந்த நேரத்தில உண்டாக்கி வாசிக்கிறது) எண்டு முழுசா ஒத்துக்கொள்ள எனக்கு மனம் வரேல்லை, ஒத்துக்கொள்ளுறது முக்கால்வாசிதான். சுவாரசியம் என்னெண்டா அவர் விடாமல் கேட்ட அந்த அல்பமே சுத்தமான மனோதர்மம் இல்லை. 1969 ஓகஸ்டில மூண்டு நாள் ஸ்டூடியோவில எல்லாரும் சேந்து வாசிச்சதைப் பதிவு செய்து, பிறகு தயாரிப்பாளர் ரியோ மசேரோ அந்த ஒலிநாடாவை வெட்டி ஒட்டி, ஒரு துண்டைத் திருப்பிப் போட்டு, இடம் மாத்தி அடுக்கி உண்டாக்கினது, 1970 இல வெளிவந்தது. வாசிக்கேக்க சுதந்திரம், பிறகு அடுக்கேக்க கட்டுப்பாடு. விட்னிக்கு அது ஏன் அந்தளவு பிடிச்சது எண்டதுக்கு என்ர ஊகம் இதுதான். ஊகம் எண்டதை அடிக்கோடு போட்டு வாசியுங்கோ, அவர் அப்பிடிச் சொன்னதா நான் சொல்லேல்லை.

இனி உங்கட மூண்டாவது கேள்வி, கேட்டா மாறுமோ. இதுக்கு ஓவிய வரலாற்றில ஒரு நல்ல சோதனைக்கூடம் இருக்கு, மொண்ட்ரியான். கறுப்புக் கோடும் சிவப்பு நீலம் மஞ்சளும் வைச்சுக் கீறின ஒல்லாந்துக்காரர், ஏ.எல் புத்தகத்தில பாத்திருப்பீங்கள். 1940 ஒக்டோபரில யுத்தத்துக்குத் தப்பி நியூயோர்க் வந்து, அங்க பூகி வூகி எண்ட வேகமான பியானோ இசையில விழுந்து, 1942–43 இல 'பிராட்வே பூகி வூகி' எண்ட படத்தைக் கீறினார், அதில கறுப்புக் கோடு ஒண்டும் இல்லை, கோடெல்லாம் மஞ்சளாகி, மஞ்சளுக்குள்ள சின்னச் சின்னச் சிவப்பு, நீலம், சாம்பல் துண்டுகள். கேட்ட உடன படம் மாறினது எண்டு இதைத்தான் எல்லாரும் உதாரணம் காட்டுவினம். ஆனா அந்த மனுசன் பாரிஸ் நகரத்தில இருந்த 1920களிலேயே ஜாஸ் கேட்டு, ஆடி, 1927 இல ஜாஸ் பற்றிக் கட்டுரையே எழுதினவர், படத்துக்கு ஃபொக்ஸ்ட்ரொட் எண்டு ஆட்டத்தின்ர பேர் வைச்சவர், அந்தப் படங்களிலயும் கறுப்புக் கோடு அசையாமல் அப்பிடியே இருந்தது! அப்ப நியூயோர்க்கில என்ன புதுசு? புது இசை ஒண்டு, நேர்கோட்டுத் தெருவும் இரவு வெளிச்சமும் இன்னொண்டு, அதோட நான் முக்கியமா நினைக்கிறது, அங்க கடையில கிடைச்ச கலர்க் காகித ரேப். அதை ஒட்டி, பிடுங்கி, திருப்பி ஒட்டிப் பாத்துக்கொண்டுதான் அந்தக் காலத்துப் படங்களைத் திட்டம் போட்டவர். கோட்டைப் பூசி முடிச்சாப் பிறகு மாத்திறது பெரும்பாடு, ரேப்பை ஒரு நிமிஷத்தில மாத்தலாம். இசை ஆசையைக் குடுத்தது, ரேப் வழியைக் குடுத்தது எண்டு நான் சொல்லுவன், ஆனா இதில எது எத்தினை பங்கு எண்டு ஒருத்தரும் பிரிச்சுச் சொல்லேலாது. பிரெஞ்சு ஓவியர் மத்தீசின்ர 'ஜாஸ்' எண்ட 1947 புத்தகத்தையும் சில பேர் இந்தக் கணக்கில சேப்பினம், அதில உள்ள காகித வெட்டுப் படங்களில கனக்க சர்க்கஸும் நாடக மேடையும், பேரைப் பாத்து ஏமாறாதேங்கோ.

இதை விட உங்களுக்குப் பிரயோசனமான கதை றொமேர் பியர்டனின்ர. அவரும் கறுப்பின அமெரிக்க ஓவியர், ஹார்லெமில ஜாஸ்காரருக்கு நடுவில வளந்தவர். அவருக்கு ஸ்டூவர்ட் டேவிஸ் எண்ட மூத்த ஓவியர் சொன்ன புத்தி, ஏர்ல் ஹைன்ஸின்ர பியானோவைக் கேள், ஆனா அவர் அடிக்கிற ஸ்வரத்தைக் கேக்காத, ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் நடுவில விடுற இடைவெளியைக் கேள் எண்டது. பியர்டன் அதைச் செய்து, தன்ர படத்தில உருவங்களுக்கு நடுவில எவ்வளவு இடம் விடுறது எண்டதை அதில இருந்து பிடிச்சவர். பாருங்கோ, இங்க இசை ஒரு மூட் இல்லை, பின்னணிச் சத்தமும் இல்லை, ஒரு குறிப்பிட்ட பாடம். அப்பிடிக் குறிப்பா ஒண்டைத் தேடிக் கேட்டா படத்துக்குள்ள வரும். சும்மா ஓடவிட்டுக் கீறினா பொழுது நல்லாப் போகும், அவ்வளவுதான்.

நீங்கள் கேக்காத ஒண்டையும் சொல்லுறன், உங்கட கேள்வியின்ர தொனியில அது ஒளிச்சிருக்கிற மாதிரி எனக்குத் தெரிஞ்சது. வன்னியில இருந்து ஒருத்தர் கீறினா அதில பங்கர், முள்ளுக்கம்பி, தறப்பாள் கொட்டில், முள்ளிவாய்க்கால் கடற்கரை இருக்கவேணும் எண்டு வெளியில இருக்கிற ஆக்களும் எதிர்பாக்கினம், எங்கட ஆக்களும் எதிர்பாக்கினம். வெறும் நிறம் கீறினா "இவருக்கு ஒண்டும் நடக்கேல்லைப் போல" எண்டு ஒரு பார்வை. விட்னியின்ர தலைமுறைக்கும் இதே பிரச்சினை இருந்தது, 60களின்ர கடைசி, 70கள், கறுப்பின விடுதலைப் போராட்டம் கொதிச்சுக்கொண்டிருந்த நேரம், கறுப்பின ஓவியர் எண்டா எங்கட சனத்தின்ர முகத்தைக் கீறு, போராட்டத்தைக் கீறு எண்ட அழுத்தம், வெறும் நிறத்தோட நிண்ட ஆள் ரெண்டு பக்கத்திலயும் வெளியாள். அதில ஜாஸ் அவருக்கு ஒரு துணை எண்டு நான் நினைக்கிறன், ஏன் எண்டா சொல்லு இல்லாத வாத்திய இசை ஒரு சனத்தின்ர முழு வரலாற்றையும் சுமக்கலாம் எண்டதுக்கு அவை கண் முன்னால கண்ட சாட்சி அதுதான். அதோட அவர் அரசியலை ஒதுக்கின ஆளும் இல்லை, தாள்ல செய்யிற வரைதல்களில சிறை வாழ்க்கை வேண்டாம் எண்டு எழுத்தாவே எழுதியிருக்கிறார். எது கான்வஸில, எது தாளில எண்டு பிரிச்சு வைச்சிருக்கிறார், அவ்வளவுதான். நீங்கள் என்ன கீறவேணும் எண்டு நான் சொல்ல வரேல்லை. பங்கர் கீறினாலும் ஒண்டுதான், கட்டம் கீறினாலும் ஒண்டுதான், ரெண்டிலயும் சோம்பேறித்தனமாக் கீறலாம், எங்கட பள்ளிக்கூடப் போட்டிகளில ஒரே மாதிரி வாற யுத்தப் படங்களைப் பாத்து அலுத்துப்போய்ச் சொல்லுறன்.

சரி, செய்து பாக்கிறதெண்டா இப்பிடிச் செய்யுங்கோ. எண்ணெய் நிறமும் லினனும் எங்கட சம்பளத்துக்குச் சரிவராது, தேவையும் இல்லை. பிரிஸ்டல் போர்ட்டைச் சதுரமா வெட்டுங்கோ, எல்லாம் ஒரே அளவு. போஸ்டர் கலரில அஞ்சு ஆறு போத்தல், அதுக்குள்ள வெள்ளை ஒண்டு, அதுக்கு மேல வாங்காதேங்கோ. பென்சில் கோடு வேண்டாம். மேல் இடது மூலையில ஒரு நிறம், அது காயட்டும், போஸ்டர் கலர் ஈரத்தில ஒரு நிறம் காய்ஞ்சா வேற நிறம், காயாமல் பக்கத்தில வைச்சா விளிம்பு ஊறிச் சேறாகும். காய்ஞ்சதைப் பாத்திட்டு அடுத்தது. வைச்ச கட்டத்துக்குத் திரும்பிப் போறேல்லை எண்டு உங்களுக்கு நீங்களே சட்டம் போடுங்கோ, பிழை வந்தா அடுத்த நிறத்தாலயோ கீழ வாற பட்டியாலயோதான் அதைச் சரிக்கட்டவேணும். முதல் வரிசை எல்லாருக்கும் வடிவா வரும், ரெண்டாவது வரிசையில இருந்துதான் ஆள் பிடிபடும், ஏன் எண்டா அங்க வாற ஒவ்வொரு நிறத்துக்கும் இடப்பக்கம் ஒண்டு, மேல ஒண்டு எண்டு ரெண்டு பேருக்கு மறுமொழி சொல்லவேணும். பின்பக்கத்தில திகதி போட்டு வையுங்கோ. ஒரு கட்டுச் சேந்த பிறகு திகதி ஒழுங்கில சீமெந்து நிலத்தில விரிச்சுப் பாத்தா நீங்கள் அறியாமலே எந்த நிறத்துக்குப் பக்கத்தில எதைத் திருப்பித் திருப்பி வைக்கிறீங்கள் எண்டு தெரியும், என்ர மாணவி ஒராள் ஒவ்வொரு படத்திலயும் மஞ்சளை ஓரத்துக்குத் தள்ளிவிட்டுக்கொண்டே வந்தவ, விரிச்சுப் பாக்கும் வரைக்கும் அவவுக்கே தெரியாது, அடுத்த படத்தில மஞ்சளை நடுவில தொடங்கச் சொன்னன், ஆள் அரை நாள் பிரஷ்ஷைப் பிடிச்சுக்கொண்டு இருந்தவ.

இசைக்கு, விட்னி கேட்ட அல்பத்தில தொடங்காதேங்கோ, அது ரெண்டு இசைத்தட்டு நீளம், புதுக் காதுக்குச் சந்தைக் கூச்சல் மாதிரி இருக்கும், பாதியில நிப்பாட்டிப்போட்டு ஜாஸே வேண்டாம் எண்டுடுவீங்கள். அதே மைல்ஸ் டேவிஸின்ர 1959 அல்பம் 'கைண்ட் ஒஃப் புளூ' அமைதியானது, யூடியூபில கிடக்கு, முதல் தரம் ட்ரம்பெட்டை விட்டிட்டு பியானோ எங்க சும்மா இருக்குது எண்டதை மட்டும் கேளுங்கோ. ஜாஸ் ஒத்துவராட்டிப் பரவாயில்லை, தவில் தனி ஒண்டைப் போட்டு அதையே செய்யலாம், இடைவெளி எந்த இசையிலயும் இருக்கு. கீறேக்க கேக்கிறதை விட, கீறாத நேரத்தில வேற வேலை ஒண்டும் இல்லாமல் இருந்து கேக்கிறது நல்லம் எண்டது என்ர அபிப்பிராயம், இதுக்கு எதிர்மாறாச் சொல்லுற நல்ல ஓவியர்களும் இருக்கினம், விட்னியே எதிர்ப்பக்கம்தான்.

செய்ததைப் படமெடுத்து இங்க போடுங்கோ, பாத்துச் சொல்லுறன். ஆனா இரவில ரியூப் லைற்றுக்குக் கீழ எடுக்காதேங்கோ, பச்சை அடிக்கும். காலமை ஒரு ஒன்பது மணிபோல விறாந்தையில நேர் வெயில் படாத இடத்தில வைச்சு எடுங்கோ, போன்ல கண்ணுக்கு இதமா மஞ்சளாக்கிற அந்த மோட் ஏதும் போட்டிருந்தா நிப்பாட்டிப்போட்டு விட்னியின்ர படங்களையும் ஒருக்காத் திருப்பிப் பாருங்கோ, அவற்ற வெள்ளை எல்லாம் உங்களுக்கு இவ்வளவு நாளும் கிறீம் கலராத்தான் தெரிஞ்சிருக்கும்.